இருபத்திரண்டு மில்லிமீற்றர் நீண்ட இடது இறக்கை

நடந்தவற்றை முதலில் ஒழுங்குப்படி எழுதிவிடுகிறேன்.

1. தொழில்நுட்பக் கல்லூரியில் இலத்திரனியல் டிப்ளோமா முடித்து ஐந்தாம் மாதம், கொக்குவிலில் ரயில் பாதைக்குப் பக்கத்து வளவொன்றில் இருக்கும் மாதிரி விமானப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தேன்.
2. எட்டு வருடங்கள் அங்கே பழைய றேடியோ விமானங்களை இனங்கண்டேன், பழுது பார்த்தேன், புதிய கருவிகள் பொருத்தி மாற்றியமைத்தேன்.
3. இருநூற்றுப் பதினொரு விமானங்களுக்கு என் கையெழுத்தில் அறிக்கை இருக்கிறது.
4. அவற்றில் ஒன்று பிழை.
5. அந்தப் பிழையை நம்பி ஒரு விமானத்தின் இறக்கையை வாளால் அறுத்தேன்.
6. அதே விமானத்துக்கு இரண்டாவது அறிக்கை எழுதினேன்.
7. சென்ற வருடம் சுப்பர் குளூவின் ஆவி என் நெஞ்சுக்கு ஒத்துக்கொள்ளாமல் போனது. வைத்தியர் மேசையை விடச் சொன்னார். முப்பத்திரண்டு வயதில் ஓய்வு பெற்றேன்.

என் மேசைக்கு வந்திருக்கும் புதிய பிள்ளைகள் இருவரும் நாலாவதைப் பற்றித்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். சரியாக எழுதிய இருநூற்றுப் பத்து அறிக்கைகளைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. அவர்கள் இடத்தில் இருந்தால் நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன்.

பட்டறையின் வேலை என்னவென்று முதலில் சொல்ல வேண்டும். அங்கே வருபவை பெரும்பாலும் அறுபதுகளிலும் எழுபதுகளிலும் ஐரோப்பாவில் செய்யப்பட்ட மாதிரி விமானங்கள். குட்டிக்கரணம் அடிப்பது, தலைகீழாகப் பறப்பது போன்ற வான்வித்தைகளுக்கென்றே வடிவமைத்தவை. ஒன்றரை மீற்றர் இறக்கை, மரச்சட்டம், மேலே ஒட்டிய பட்டுத்துணி. நிலத்தில் நிற்பவர் கையிலுள்ள றேடியோப் பெட்டியால் ஓட்டுவார். செய்தவர் காலமானதும் பிள்ளைகள் அவற்றைப் பழைய சாமான் கடைகளில் போட்டுவிடுகிறார்கள். கொக்குவிலிலிருந்து போய் அங்கே குடியேறிய எங்கள் முதலாளி அவற்றைத் தேடிச் சேர்த்துப் பெட்டிகளில் அனுப்புவார். எது எந்த வடிவமைப்பு, எந்தக் காலத்தது, எவ்வளவு அசல், எவ்வளவு பிறகு ஒட்டியது என்று கண்டு அறிக்கை எழுதுவோம். பிறகு பறக்கக்கூடியதாக மாற்றி, சேகரிப்பவர்களுக்குத் திருப்பி அனுப்புவோம்.

கல்லூரியில் படித்தது மூன்று வாரத்தில் தீர்ந்துபோனது. மின்சுற்று தெரிந்திருந்தது, மரம் தெரியாது. மரம் பிடிபட ஆறு மாதம் எடுத்தது. சுருக்கம் விழாமல் துணி ஒட்ட ஒரு வருடம்.

பொறுப்பாளர் ஜெசிந்தா அக்கா. குருநகர்க்காரி. வீட்டில் எல்லோரும் கடலுக்குப் போகிறவர்கள். இவர் கரையில் நின்று பைபர் படகுகளுக்கு ஒட்டுப் போட்டவர். அதனால் பிசினும் துணியும் அவருக்கு எங்கள் எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். என்னைவிடப் பத்து வயது மூப்பு. சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. பாராட்டியும் கேட்டதில்லை. வேலை சரியென்றால் மாஸ்கிங் ரேப் என்னும் ஒட்டுத்தாளில் பென்சிலால் 'சரி' என்று எழுதி விமானத்தில் ஒட்டிவிட்டுப் போவார். பிழையென்றால் ரேப்பில் ஒரு கேள்விக்குறி மட்டும் இருக்கும். எது பிழை என்பதை நாங்கள்தான் தேட வேண்டும்.

புதிய விமானம் மேசைக்கு வந்தால் முதல் பத்து நிமிடம் ஒருவரும் தொடக்கூடாது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சுற்றி வர வேண்டும். மறந்துபோய்த் தொட்டால், "கையை எடுத்துப்போட்டுக் கதையும்" என்பார். கை பட்டவுடன் மனம் பழுது பார்க்கத் தொடங்கிவிடும், பிறகு கண் எதையும் பார்க்காது என்பது அவருடைய கணிப்பு.

பத்து நிமிடம் முடிந்ததும் அளவுகள். இறக்கையின் மொத்த நீளம், இடது தனியாக, வலது தனியாக, அடிப்பக்க அகலம், நுனி அகலம், இறக்கைக்கும் வாலுக்கும் இடையிலான தூரம். கடைசியாக, இறக்கைக்குள் குறுக்கே நிற்கும் விலாச்சட்டங்களின் இடைவெளி. துணிக்குப் பின்னால் விளக்கைப் பிடித்தால் விலாக்கள் நிழலாகத் தெரியும். ஒரு வடிவமைப்பாளர் விலாக்களை வைக்கும் இடைவெளி இலேசில் மாறாது. துணியை மாற்றலாம், நிறத்தை மாற்றலாம், மூக்கை வெட்டி வேறு எஞ்சின் வைக்கலாம், விலாவை யாரும் கழற்றி மாற்றமாட்டார்கள். இரண்டாம் வருடம், ஒரே விமானம் என்று வந்த ஒன்றில் இறக்கை ஒருவருடையது, உடல் வேறொருவருடையது என்பதை அந்த நிழலை வைத்துக் கண்டுபிடித்தேன். அன்று என் மேசையில் 'சரி' இரண்டு ரேப்பில் ஒட்டியிருந்தது. வேறு ஒருவருக்கும் அப்படி விழுந்ததில்லை.

மாற்றியமைப்பதற்கு ஒரே விதி. கழற்றியதைத் தராசில் நிறுத்து எழுதாமல் புதியதைப் பொருத்தக்கூடாது. முதல் வருடம் அதை ஒரு தரம் மீறினேன். பாரமான பழைய எஞ்சினைக் கழற்றி, அதன் இடத்தில் இலேசான மின்மோட்டரை வைத்தேன். பற்றறியை வசதியாக இருந்த இடத்தில் வைத்தேன். புத்தூருக்கு அப்பால் அனுமதி எடுத்துப் பரீட்சித்துப் பார்க்கும் வெளியில் அது எழும்பி, மூக்கை நேராக வானத்துக்குக் காட்டி, அப்படியே நின்று, வெங்காயத் தோட்டத்துக்குள் வாலால் விழுந்தது. தோட்டக்காரர் துண்டுகளைக் கடகத்தில் பொறுக்கிக்கொண்டு வந்து, "உங்கடை சாமான் மூண்டு பாத்தி வெங்காயம் கிண்டிப்போட்டுது, பிள்ளை. பின்னேரமும் விடுவியளோ?" என்று கேட்டார். ஜெசிந்தா அக்கா அன்று கேள்விக்குறிகூட ஒட்டவில்லை. தராசை எடுத்து வந்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். அது எட்டு வருடமும் அங்கேயே இருந்தது.

ஆறாம் வருடம் இராசமலர் ரீச்சர் வந்தார். ஓட்டோவின் பின்னிருக்கையில் விமானத்தைப் படுக்கை விரிப்பால் சுற்றிக் கட்டி, பக்கத்தில் குந்தியபடி புத்தூரிலிருந்து வந்திருந்தார். எழுபதை எட்டும் வயது. கணிதம் படிப்பித்தவர். ஐரோப்பாவிலிருந்து பெட்டியில் வராமல் எங்கள் ஊரிலேயே செய்யப்பட்ட ஒரு விமானம் மேசைக்கு வந்தது அதுவே முதல் தடவை.

"ரண்டு விஷயம்," என்றார். "முதல்லை, இது எப்பவாவது பறந்ததோ எண்டு பாத்துச் சொல்லுங்கோ. பிறகு ஒரு றேடியோவைப் போட்டுப் பறக்க விடுங்கோ."

அவரை இருக்கச் சொல்லித் தேத்தண்ணீர் கொடுத்த பிறகு மீதியைச் சொன்னார். செய்தவர் அவருடைய தமையன் சிவநேசன். கல்லூரி ஒன்றில் ஆய்வுகூட உதவியாளராக இருந்தவர். எழுபதுகளின் நடுப்பகுதியில், வெளிநாட்டுச் சஞ்சிகை ஒன்றில் வந்த வரைபடத்தைப் பார்த்து இரண்டு வருடம் இருந்து செய்தார். ஊர் முழுக்க றேடியோவில் பறக்கும் விமானம் என்று சொல்லித் திரிந்தார். ஆனால் றேடியோ வரவில்லை. அப்போது வெளிநாட்டுச் சாமான் இறக்கத் தடை. கப்பலில் வேலை செய்த ஒருவர் கொண்டுவந்து தருவதாகச் சொல்லி ஏமாற்றிவிட்டார். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சிவநேசன், விமானம் பறந்தது என்று சொன்னார். றேடியோ எங்கே என்று தகப்பன் கேட்டார். அவர் எழும்பிக் கை கழுவப் போனார். அன்றிலிருந்து குடும்பத்தில் அது ஒரு பகிடி. யாராவது நம்பமுடியாத எதையாவது சொன்னால், 'நேசன்ரை விமானம் மாதிரி' என்பார்கள். ஒன்றுவிட்ட தம்பி யோகன் அதை நடித்தே காட்டுவார். சிவநேசன் பிறகு வெளிநாடு போனார். விமானம் வீட்டுக் கூரை வளையில் தொங்கியது. சண்டைக்காலத்தில் குடும்பம் இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது வீட்டில் கதவு நிலைகூட இருக்கவில்லை. என்ன சாமான் என்று விளங்காததாலோ என்னவோ இதை மட்டும் ஒருவரும் எடுக்கவில்லை.

சிவநேசன் அங்கேயே காலமாகி ஒரு வருடம் ஆகப்போகிறது. ஆட்டைத் திவசத்துக்குச் சொந்தக்காரர் எல்லோரும் வருவார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு யோகன் கட்டாயம் அந்தக் கதையை எடுப்பார். "அவன் புளுகினவனோ இல்லையோ எண்டு எனக்கு அதுக்கு முதல் தெரியவேணும்," என்றார் ரீச்சர். "புளுகெண்டால் புளுகெண்டே சொல்லுங்கோ. நான் தாங்குவன்."

கையைக் கட்டிக்கொண்டு பத்து நிமிடம் சுற்றி வந்தேன். பிறகு அளந்தேன். பட்டியலில் பத்தொன்பது குறிப்புகள். முக்கியமானவை இவை. வரைபடம் எழுபதுகளின் போட்டி விமானமொன்றினது. விலாக்களின் இடைவெளி அப்படியே பொருந்தியது. பாரமில்லாத வெளிநாட்டு மரம் கிடைக்காததால் முள்முருக்கைச் சீவிப் பாவித்திருந்தார். அருமையான கைவேலை. எஞ்சின் மண்ணெண்ணெய், ஈதர், ஆமணக்கெண்ணெய் கலந்து ஓடும் சிறிய வகை. றேடியோக் கருவிகள் இருக்க வேண்டிய பலகையில் ஒரு திருகாணித் துளைகூட இல்லை. இறக்கையின் பின்விளிம்பில் அசையவேண்டிய தட்டுகள் அசையாமல் ஒட்டப்பட்டிருந்தன. இடது இறக்கை வலதைவிட இருபத்திரண்டு மில்லிமீற்றர் நீளம்: 'அளவுப் பிழை.' வலது நுனியில் ஈயத்துண்டு: 'அளவுப் பிழையைச் சமன்செய்ய.' எண்ணெய் ரின்னின் உறிஞ்சுகுழாய் நடுவில் இல்லாமல் வலது சுவரோடு: 'அனுபவக் குறைவு.' இறக்கையின் நடுவில் ஒட்டுப்பலகைத் துண்டு, அதில் ஒற்றைத் துளை: 'பயன் தெரியவில்லை.' வாலடியில் கொளுவி: 'வளையில் தொங்கவிட.' வலப்பக்கம் முழுக்க எண்ணெய்க்கறை: 'நிலத்தில் எஞ்சினை ஓட்டிப் பார்த்திருக்கிறார்.'

ஒவ்வொரு குறிப்புக்கும் பக்கத்தில் ஒரு காரணம் இருந்தது. ஒவ்வொரு காரணமும் தனியாகப் பார்த்தால் சரி. கடைசி வரி: 'இவ்விமானம் ஒருபோதும் பறக்கவில்லை.' ஜெசிந்தா அக்கா இரண்டு தரம் வாசித்துவிட்டுக் கோப்புப் பிரதியில் 'சரி' ஒட்டினார்.

ரீச்சர் அறிக்கையை நின்றபடியே வாசித்தார். நாலாய் மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். அப்படியென்றால் இவ்வளவு காலமும் யோகன் பகிடி பண்ணியது நியாயந்தான் என்றார். பிறகு, "நானும் சேந்து சிரிச்சனான்," என்றார். அவன் பறக்க விடாததை நீங்களாவது பறக்க விடுங்கள், திவசத்துக்கு முதல் தாருங்கள் என்று கேட்டுவிட்டுப் போனார். திவசத்துக்கு எட்டு நாள் இருந்தது.

றேடியோ விமானத்தில் ஒரு இறக்கை நீண்டால் நேராகப் பறக்காது. எனவே முதல் வேலை இடதை வலதின் அளவுக்குக் கொண்டுவருவது. பென்சிலால் கோடு போட்டு, மெல்லிய பல் வாளை எடுத்தேன். மரத்தை அறுக்கும் சத்தம் ஒரு சீராக வந்துகொண்டிருந்தது. பாதி வழியில் சத்தம் மாறியது. கிறீச்சென்று உலோகத்தில் பட்டது. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். ஆணி என்று நினைத்து அறுத்து முடித்தேன். துண்டு கையில் வந்தபோது அறுத்த முகத்தில் இரண்டு சிறு பித்தளை வளையங்கள் பளிச்சென்று தெரிந்தன, ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக. பழைய குமிழ்முனைப் பேனாவின் மைக்குழாய்கள். அவற்றின் வெளிவாய்களைப் புட்டிப் பசை வைத்து அடைத்து மேலே நிறம் பூசியிருந்ததால் வெளியே ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. ஊசியால் புட்டியைக் கிளறி எடுத்துவிட்டுத் துண்டை உருப்பெருக்கிக் கண்ணாடிக்குக் கீழே வைத்தேன். வாயின் ஒரு பக்கத்தில், நகத்தால் கீறினதுபோல ஒரு பள்ளம். இரண்டிலும் ஒரே பக்கம்.

ஜெசிந்தா அக்காவைக் கூப்பிட்டேன். அவர் கண்ணாடியைக்கூடக் கேட்கவில்லை. துண்டை வெளிச்சத்துக்குப் பிடித்தார்.

"இது கம்பி ஓடின தடம்," என்றார். "வள்ளத்திலை தூண்டில் கம்பி ஓடுற வளையத்திலையும் இப்பிடித்தான் விழும். முன்பக்கமோ பின்பக்கமோ தேஞ்சிருக்கு?"

"பின்பக்கம்."

"அப்ப கம்பி பின்னாலை இழுபட்டிருக்கு. வளையிலை தொங்கின சாமானுக்கு ஆர் கம்பியைப் பின்னாலை இழுத்தது, துஷா?"

அப்போதுதான் விளங்கியது. றேடியோ வருவதற்கு முன்னரே உலகத்தில் வான்வித்தை விமானங்கள் கம்பியில் பறந்திருக்கின்றன. ஓட்டுபவர் நடுவில் நின்று ஒரு கைப்பிடியைப் பிடித்திருப்பார். கைப்பிடியிலிருந்து இரண்டு மெல்லிய கம்பிகள் இடது இறக்கை நுனிக்குப் போகும். விமானம் அவரைச் சுற்றி வட்டமாகப் பறக்கும். மணிக்கட்டைத் திருப்பினால் எழும்பும், தாழும், குட்டிக்கரணம் அடிக்கும். கம்பியின் பாரத்தைத் தூக்க இடது இறக்கை சற்று நீளம், கம்பி இறுகி நிற்க வலது நுனியில் ஈயம், வட்டத்தில் எண்ணெய் வெளிப்பக்கம் தள்ளப்படுவதால் உறிஞ்சுகுழாய் வலது சுவரில். ஒட்டுப்பலகையின் ஒற்றைத் துளை, கம்பிகளைப் பிடித்த முக்கோணத் தகடு சுழன்ற இடம், தகட்டைப் பிறகு கழற்றிக் குழாய் வாய்களை அடைத்திருக்கிறார். வாலடிக் கொளுவி, உதவிக்கு ஆளில்லாமல் தனியாக விடுவதற்கு. நிலத்தில் அடித்த ஆப்பில் மாட்டிவிட்டு, நடுவில் போய் நின்று நூலை இழுத்தால் விமானம் கழன்று ஓடும். இதெல்லாம் நான் புத்தகத்தில் படித்தவை. ஆனால் எங்கள் மேசைக்கு வந்தவை எல்லாம் றேடியோ விமானங்கள். றேடியோ விமானம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு நீண்ட இறக்கை ஒரு பிழை, அவ்வளவுதான். பத்தொன்பது காரணம் எழுதினேன். ஒரே காரணம் போதுமாக இருந்தது.

ஜெசிந்தா அக்கா கோப்பிலிருந்து முதல் அறிக்கையின் பிரதியை எடுத்துத் தன்னுடைய 'சரி'யைப் பென்சிலால் வெட்டினார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "நானும் வாசிச்சனான் தானே," என்றார். "நாளைக்குக் காலமை போம். ரெலிபோனிலை சொல்லாதையும்."

அறுத்த துண்டைத் துணியில் சுற்றிக்கொண்டு அடுத்த நாள் பருத்தித்துறை பஸ்ஸில் புத்தூர் போனேன். ரீச்சர் முற்றத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தார். உட்காரும் முன்னரே சொன்னேன். ஒன்று, நான் எழுதியது பிழை. இரண்டு, அந்தப் பிழையை நம்பி இறக்கையை அறுத்துவிட்டேன்.

ரீச்சர் துண்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "எதுக்கு முதல்லை கோவிக்கிறது எண்டு சொல்லும், பிள்ளை," என்றார்.

குழாயைக் காட்டி எல்லாவற்றையும் விளக்கினேன். கணக்கு ரீச்சர் என்பதால் படம் கீறினேன். வட்டம், ஆரை, நடுவில் ஆள். அவர் படத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். எஞ்சினுக்கு ஆமணக்கெண்ணெய் வேண்டும் என்று சொன்னபோதுதான் நிமிர்ந்தார். அந்த வருடம் வீட்டில் ஆமணக்கெண்ணெய்ப் போத்தல் மாதம் ஒன்று முடிந்ததாம். நேசனுக்கு வயிறு கட்டிக்கொண்டிருக்கிறது, வெட்கத்தில் சொல்லாமல் பேதிக்குக் குடிக்கிறான் என்று தாய் பயந்து, கொக்குவில் புகையிரத நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த பரியாரியாரிடம் கூட்டிக்கொண்டு போனாராம். பரியாரியார் நாடி பார்த்துவிட்டுக் கத்தரிக்காயை நிறுத்தச் சொன்னாராம். நேசனும் மூன்று மாதம் கத்தரிக்காய் சாப்பிடாமல் இருந்தாராம். சொல்லிவிட்டு ரீச்சர் சிரித்தார். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு கணக்கு ரீச்சரின் குரல் வந்தது. "அப்ப பறந்தது எண்டு எழுதித் தாரும்."

பறந்திருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது என்று சொன்னேன். வாய்ப்பு என்று எழுதினால் யோகன் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டே சிரிப்பான் என்றார். எனக்கு விளங்கியது. ஆனால் ஒரு பிழையான முடிவை எழுதிக் கொடுத்து ஒரு கிழமை ஆகவில்லை. கம்பியைச் சும்மா நிலத்தில் வைத்து இழுத்துப் பார்த்ததாலும் பித்தளை தேயலாம். அதில்லை என்று தெரியாமல் கையெழுத்து வைக்க முடியாது. நாலு நாள் தாருங்கள் என்றேன். திவசத்துக்கு ஐந்து நாள் இருந்தது.

செய்தது இதுதான். அதே அளவுப் பித்தளை மைக்குழாய்களைத் தேடினேன். இப்போதைய பேனாக்களில் எல்லாம் பிளாஸ்ரிக். அச்சுவேலியில் ஒரு பழைய புத்தகக்கடைக்காரர் விற்காமல் கிடந்த பெட்டியொன்றிலிருந்து ஒரு கைபிடி எடுத்துத் தந்தார். ஒரு குழாயை முள்முருக்குக் கட்டையில் பதித்து, எங்கள் பட்டறையின் உருக்குக் கம்பியை அதற்குள்ளால் விட்டேன். விமானத்தின் நிறை, இவ்வகைக்கு வழக்கமான கம்பி நீளம், அந்த எஞ்சின் தரக்கூடிய வேகம் மூன்றையும் வைத்துக் கம்பி எவ்வளவு இறுக்கமாக இழுபட்டிருக்கும் என்று கணக்கிட்டு, அந்த அளவு பாரத்தைத் தொங்கவிட்டேன். விமானத்தின் வாலை அசைக்கப் பயன்படும் சிறு மோட்டர் ஒன்றைக் கொண்டு கம்பியை முன்னும் பின்னும் அசையவிட்டேன். பாரமில்லாமல் இன்னொரு குழாயில் அதே அசைவு, நிலத்தில் வைத்து விளையாடிப் பார்த்ததற்குப் பதிலாக.

பாரமில்லாத குழாய் முதல் நாள் முழுக்க அசைந்தும் மினுங்கியதே தவிரத் தேயவில்லை. பாரமுள்ள குழாயில், ஒரு பறப்புக்குப் போதுமான ஐந்து நிமிடத்தில் ஒன்றுமில்லை. ஒரு மணித்தியாலத்தில் கீறல். முதல் நாள் முடிவில் பள்ளம் தொடங்கியது. ஆழம் அளக்கும் வேர்ணியரின் நுனி அதில் இன்னும் தங்கவில்லை. ஜெசிந்தா அக்கா போகும்போதும் வரும்போதும் குனிந்து பார்த்துவிட்டுப் போனார். இரண்டாம் நாள் மத்தியானம் ஒருமுறை, "ஒருக்காத் தான் பறந்தது எண்டால் இதுக்குள்ளை முடிஞ்சிருக்கவேணும், என்ன?" என்றார். மூன்றாம் நாள் பின்னேரந்தான் புதிய பள்ளமும் பழைய பள்ளமும் ஒரே ஆழத்துக்கு வந்தன.

நாங்கள் தேடப்போனது ஒரு பறப்பு. கிடைத்தது அதைவிட அதிகம். எத்தனை என்று எண்ணிக்கை சொல்ல முடியாது. அவர் பாவித்த கம்பி எது என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஒன்றல்ல என்று சொல்ல முடியும். இரண்டாவது அறிக்கை ஒரு பக்கந்தான். கடைசி இரண்டு வரி: 'இவ்விமானம் றேடியோ இன்றி, இரு கம்பிகளால் கட்டுப்படுத்தப்பட்டுப் பறந்தது. ஒரு முறை அல்ல, பல முறை பறந்தது.'

நாலாம் நாள் அறுத்த துண்டை இருந்த இடத்திலேயே ஒட்டினேன். சேர்ந்த இடத்தை நிரப்பி மறைக்கலாம், மறைக்கவில்லை. வாள் ஒரு மில்லிமீற்றரை மரத்தூளாக்கிவிட்டது. அதையும் அறிக்கையில் எழுதினேன்.

ரீச்சர் எங்கள் இருவரையும் திவசத்துக்கு வரச்சொல்லியிருந்தார். ஜெசிந்தா அக்கா வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு வந்தார். சாப்பாடு முடிந்து ஆண்கள் பாயில் சாய்ந்திருந்தார்கள். யோகன் அறுபது கடந்த, நல்ல முகவெட்டுள்ள மனிதர். கெட்டவர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். பாக்கை வாயில் போட்டுக்கொண்டே, நேசன் அண்ணை பாவம் என்று தொடங்கினார். விமானத்திலை போய் விமானத்தை மறந்த மனுசன் என்றார். இரண்டு மூன்று பேர் சிரிக்க ஆயத்தமானார்கள்.

ரீச்சர் அறிக்கையைக் கொண்டுவந்து அவருடைய கையில் கொடுத்தார். "கண்ணாடியைப் போட்டு உரத்து வாசி."

அவர் பகிடியென்று நினைத்து, செய்தி வாசிப்பவரின் குரலில்தான் தொடங்கினார். நடுவில் குரல் மாறிவிட்டது. கடைசி இரண்டு வரியையும் மெதுவாக வாசித்தார். பிறகு என்னைத் தேடினார்.

"கம்பியிலையோ?" என்றார். "அப்ப அது பட்டம் தானே, பிள்ளை."

"பட்டத்துக்குத் தலைகீழாப் போகேக்கையும் எண்ணெய் ஓட வழி தேவையில்லை, ஐயா," என்றேன். "இதின்ரை ரின்னிலை மேலையும் கீழையும் காத்துக்குழாய் வச்சிருக்கிறார். தலைகீழாப் பறக்க நினைக்கிறவை மட்டுந்தான் உப்பிடி வைப்பினம்."

அவர் தாளைத் திரும்பப் பார்த்தார். உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

"ஏன் எங்களுக்குச் சொல்லேல்லை?" என்று கேட்டார். அது என்னிடம் கேட்டதல்ல.

"சொல்லியிருந்தால் பட்டம் எண்டிருப்பாய்," என்றார் ரீச்சர். "இப்பவும் அதைத்தானே சொன்னனீ."

யோகன் கண்ணாடியைக் கழற்றினார். அறிக்கையை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார். அன்று அதற்குப் பிறகு ஒருவரும் அந்தக் கதையை எடுக்கவில்லை.

போகும்போது படலையடியில், றேடியோ எப்போது பொருத்துவது என்று ரீச்சரைக் கேட்டேன். முதலில் கேட்ட இரண்டாவது வேலை அதுதானே. வேண்டாம் என்றார். அப்படியென்றால் கம்பியிலாவது ஒருமுறை பறக்கவிட்டுக் காட்டட்டுமா என்று ஜெசிந்தா அக்கா கேட்டார்.

"அது பறந்து முடிஞ்சுது," என்றார் ரீச்சர். "இனி நான் ஆருக்குக் காட்டவேணும்?"

இப்போதைய நிலைமை இது. விமானம் புத்தூரில் ரீச்சர் வீட்டு முன்னறைச் சுவரில் இருக்கிறது. எஞ்சின் கையால் சுற்றினால் சுற்றுகிறது, ஓட்டிப் பார்க்கவில்லை. நான் மேசையை விட்டு ஒன்பது மாதம். படங்களையும் அளவுகளையும் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். இனங்காணும் வேலையை அங்கிருந்து செய்கிறேன், பிசினும் வாளும் இல்லாமல். மூச்சு சீராக இருக்கிறது. பட்டறைக் கோப்பில் அந்த விமானத்துக்கு இரண்டு அறிக்கைகள் உண்டு. முதலாவதைக் கிழிக்கவில்லை. அதன் கடைசி வரிக்குக் குறுக்கே கோடு, கோட்டுக்குக் கீழே ஜெசிந்தா அக்காவின் கையெழுத்து, அதற்குக் கீழே என்னுடையது.